விறகு வெட்டவும் முகாமில் புழங்கவும் ஒரே கத்தி: தடிமன் வேண்டுமா, நீளம் வேண்டுமா?

அடிவாரன் எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் சிறுமலையில் நண்பர் ஒருவருக்குச் சொந்தமான காப்பித் தோட்டத்தில் மாதம் ஒருமுறை கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கி வருகிறோம். நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களைக் கவாத்து செய்யும்போது விழும் கிளைகளை விறகுக்கு எடுத்துக்கொள்ள அவர் இசைந்திருக்கிறார். மணிக்கட்டுப் பருமன் முதல் முழங்கைப் பருமன் வரையுள்ள கிளைகளைத் துண்டாக்குவது, மழை நாளில் அவற்றைப் பிளந்து உள்ளே காய்ந்திருக்கும் வைரத்தை எடுப்பது, கூடாரத்துக்கு முளை சீவுவது, பிறகு அதே கத்தியைக் கழுவி வெங்காயம் நறுக்குவது, இவ்வளவுதான் என் தேவை.

தடிமனான கத்திதான் நன்றாக வெட்டும் என்று நம்பி, 5 அங்குல அலகும் 6 மி.மீ. முதுகும் கொண்ட மடங்காத கத்தி ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். பிளக்கும் வேலையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெட்டும்போது எவ்வளவு ஓங்கினாலும் விரற்கடை ஆழம்கூட இறங்காமல் துள்ளி எழுகிறது. ஐம்பது வெட்டுக்குள் மணிக்கட்டு கடுக்கத் தொடங்கிவிடுகிறது. வெங்காயமோ நறுங்காமல் இரண்டாகப் பிளந்து உருண்டோடுகிறது. அடுத்த கத்தியை வாங்குவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உலைக்களம் எழுதியது:

வணக்கம், நண்பரே. உங்கள் கத்தி எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. அந்த அளவில் யார் செய்தாலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். அப்பாவின் பட்டறையில் இருபது ஆண்டுகள் சம்மட்டி பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெட்டு இறங்குவதைத் தீர்மானிப்பவை எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும், வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, பின்னால் அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதும்தான். முதுகின் தடிமன் அவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் கேபார் நிறுவனம் ஈத்தன் பெக்கரின் வடிவமைப்பில் செய்யும் இரண்டு கத்திகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிகே2 என்பதன் அலகு ஐந்தே கால் அங்குலம், முதுகு கால் அங்குலம், அதாவது 6 மி.மீ.க்குச் சற்று மேல். பிகே9 என்பதன் அலகு 9 அங்குலம், முதுகு 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. எடையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை; இரண்டுமே அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவானவை. எஃகும் ஒன்றே. ஒரே எடை இரும்பை ஒன்றில் குட்டையாகவும் தடிமனாகவும், மற்றொன்றில் நீளமாகவும் மெல்லியதாகவும் பங்கிட்டிருக்கிறார்கள். முதலாவது பிளப்பதற்கும் நெம்புவதற்கும் மிக நல்ல கருவி. வெட்டு என்று வந்துவிட்டால் இரண்டாவதன் பக்கத்தில் அதனால் நிற்க முடியாது.

காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முழங்கையிலிருந்து பிடி வரை 35 செ.மீ. என்று கொள்வோம். குட்டைக் கத்தியில் அடிபடும் இடம் பிடிக்கு அப்பால் 11 செ.மீ.யிலும், நீளக் கத்தியில் 20 செ.மீ.யிலும் இருந்தால், முழங்கையிலிருந்து அளக்கும்போது அவை 46, 55 செ.மீ. ஆகின்றன. கை ஒரே வேகத்தில் சுழன்றாலும் நீளக் கத்தியின் வாய் ஏறத்தாழ 1.2 மடங்கு வேகத்தில் மரத்தைத் தொடும்; வேகத்தின் இருமடிப்படி ஆற்றல் கூடுவதால் அந்த இடத்தில் 1.4 மடங்குக்கு மேல் கிடைக்கிறது. மணிக்கட்டை மட்டும் சொடுக்கி வெட்டும்போது இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகும். நீங்கள் கையை வருத்தி ஈடுகட்டப் பார்த்தது இதைத்தான். கடுப்பும் அதனால் வந்ததுதான்.

அடுத்தது வாய்க்குப் பின்னாலுள்ள பருமன். கடைசியாகச் சாணை பிடித்த சரிவு முடிந்து அலகின் உடல் தொடங்கும் அந்த விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஒரு படி போலத் தட்டுப்பட்டால், மரத்துக்குள் நுழையும் கத்தி அந்தப் படியில்தான் நிற்கிறது. வெட்டுக் கத்திக்கு அந்த இடத்தில் முக்கால் மி.மீ. அளவில் நான் வைப்பேன், ஒன்றரை மி.மீ. இருந்தால் அது உளி ஆகிவிடும். படியே இல்லாமல் வாழைப்பூ மடல் போல மெல்லப் புடைத்து முதுகு வரை செல்லும் சாணைதான் வெட்டுக்கு உகந்தது. அது மரத்துக்குள் இறங்கவும் செய்யும், சிக்கிக்கொள்ளாமல் வெளியே வரவும் செய்யும். முற்றிலும் தட்டையாக முதுகிலிருந்து வாய் வரை சரிந்து வருவதும் நல்லதே. பச்சை மரத்தில் சில வேளைகளில் இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பது ஒன்றுதான் அதன் குறை.

இப்போது இருக்கும் கத்தியை விட்டுவிட வேண்டாம். நல்ல சாணைக்காரரிடம் கொடுத்து அந்தப் படியைக் கரைக்கச் சொல்லுங்கள். அலகு சூடாகாமல், அடிக்கடி தண்ணீரில் நனைத்து நனைத்துச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

கிள்ளான்வாசி எழுதியது:

மலேசியாவிலிருந்து வணக்கம். உலைக்களம் ஐயா சொல்லும் விதிக்கு எங்கள் ஊரில் பாராங் என்று சொல்லும் வெட்டுக்கத்தியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. தோட்டப்புறத்தில் வளர்ந்த எங்களுக்குப் பாராங் இல்லாத வீடு தெரியாது. என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது புதர் கழிக்க ஒன்று, மரம் வெட்ட ஒன்று என்று இரண்டு வைத்திருந்தார். புதர் கழிப்பது நீளமும் மெல்லிசுமாக இருக்கும். மரம் வெட்டுவது குட்டையாக, நுனிப் பக்கம் வயிறு பெருத்து இருக்கும்.

அவர் சாணை பிடிக்கும் முறையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அலகு முழுவதையும் ஒரே கூர்மைக்குக் கொண்டுவர மாட்டார். பிடியை ஒட்டிய நான்கு விரல் அகலத்தைக் கீரை அரியும் அளவுக்குக் கூராக்குவார். சீவுவதற்கும் செதுக்குவதற்கும் அந்த இடம். வெட்டு விழும் வயிற்றுப் பகுதிக்குக் கல்லைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, உறுதியான வாய் வைப்பார். நுனியை மறுபடியும் மெல்லிய கூராக விட்டுவிடுவார். ஒரே கத்தியில் மூன்று வேலைக்கும் வழி செய்யும் இந்தப் பழக்கம் அடிவாரன் கேட்ட தேவைக்கு அப்படியே பொருந்தும். வெங்காயத்துக்குப் பிடியோரம், கிளைக்கு வயிறு.

மலாய்க்காரர்களின் பாராங், நேப்பாளத்தின் குக்ரி, நம் ஊர் அருவாள் ஆகிய மூன்றிலும் அலகு பிடியை ஒட்டி ஒடுங்கி, முன்னால் சென்று கனக்கிறது. சூடும் மழையும் மிகுந்த காடுகளில் கொடி, மூங்கில், பச்சைக் கிளை என்று நார் நிறைந்தவற்றையே நாள்தோறும் வெட்ட வேண்டியிருப்பதால், வீச்சும் வேகமும்தான் அங்கே உதவுகின்றன. குளிர்நாட்டு மக்கள் பருத்த மரத்தை வெட்டிக் குளிர்காலம் முழுவதும் எரிக்க வேண்டியிருந்ததால் கோடரியை நம்பினார்கள்.

சவுக்குத்தோப்பு எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். முகாமில் கத்தியால் வெட்டுவதே தேவையற்ற உழைப்பு என்பது என் துணிபு. மடக்கு ரம்பம் ஒன்று, மோரா போன்ற சிறிய கத்தி ஒன்று, இவை இரண்டும் சேர்ந்தாலும் நீங்கள் பேசும் பெரிய கத்தியின் எடை வராது. பாக்கோ லாப்லாண்டர் ரம்பத்தின் அலகு 19 செ.மீ.; எடை 200 கிராம் அளவில்தான். மணிக்கட்டுப் பருமனுள்ள சவுக்குக் கழியை அது அமைதியாக, சிராய் தெறிக்காமல், வெட்டுமுகம் சமமாக இருக்கும்படி அறுத்துத் தருகிறது. அதே கழியைக் கத்தியால் வெட்ட ஆங்கில வி எழுத்தின் வடிவில் இருபுறமும் மரத்தைக் கொத்தி எறிய வேண்டும். எறியும் சிராய்க்கும் சேர்த்துத்தானே உடல் உழைக்கிறது? களைத்த கையோடு மாலை மங்கிய வெளிச்சத்தில் ஓங்கி வெட்டுவதைவிட ரம்பத்தை இழுப்பது பாதுகாப்பானது என்பதையும் மறுக்க முடியாது.

மோரா கம்பேனியன் அலகின் தடிமன் இரண்டரை மி.மீ.தான். தக்காளியைத் தோல் கசங்காமல் நறுக்கும், முளையும் சீவும். ஐயா சொன்ன மெல்லிய வாய் என்னும் விதி அங்கேதான் முழுமையாக நிறைவேறுகிறது.

உலைக்களம் எழுதியது:

சவுக்குத்தோப்பு அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். குறுக்கே துண்டாக்கும் வேலையில் ரம்பத்துக்கு ஈடு இல்லை. ஆனால் அடிவாரனின் பட்டியலில் ரம்பம் செய்ய முடியாத வேலைகள் இருக்கின்றன. கிளையிலுள்ள சுள்ளிகளைக் கழிப்பதில் ஒரு வீச்சுக்கு ஒரு சுள்ளி விழும். ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். மழை நாளில் நனைந்த கிளையை நிறுத்தி, கத்தியை மேலே வைத்து, அதன் முதுகில் வேறொரு கட்டையால் தட்டிப் பிளந்தால்தான் உள்ளே காய்ந்த மரம் கிடைக்கும். அதற்கு அலகு மரத்தின் விட்டத்தைவிடக் குறைந்தது மூன்று விரல் நீளமாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில்தானே தட்ட முடியும்? 10 செ.மீ. அலகால் முன்கைப் பருமனுள்ள கட்டையைப் பிளக்கப் போனால் நுனி மரத்துக்குள்ளேயே புதைந்துவிடும்.

எனவே ஒரே கருவி, இரு கருவி என்று அணி பிரிவதை நான் விரும்புவதில்லை. நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்கர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இருபுறமும் வாயுள்ள சிறு கைக்கோடரி, மெல்லிய உறைக்கத்தி, மடக்குக்கத்தி என மூன்றைச் சேர்த்து எடுத்துச் சென்றார். கனமான வேலை கோடரிக்குப் போய்விட்டதால்தான் அவருடைய கத்தி அவ்வளவு மெல்லியதாக இருக்க முடிந்தது. ரம்பம் வைத்திருப்பவர் பெரிய கத்தியின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; ரம்பம் இல்லாதவர் குறைக்கக் கூடாது. கையில் இருக்கும் மற்றக் கருவியைப் பொறுத்தே கத்தியின் அளவு அமைய வேண்டும்.

அடிவாரன் எழுதியது:

இவ்வளவு விரிவாக விளக்கியதற்கு எல்லோருக்கும் நன்றி. ஒரு ஐயம் மிஞ்சுகிறது. கடைகளில் டி2 எஃகில் செய்த பெரிய கத்திகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கூர் நீண்ட நாள் நிற்கும் என்கிறார்கள். துருவும் குறைவாகவே பிடிக்குமாம். வெட்டுக் கத்திக்கு அது ஏற்றதா?

உலைக்களம் எழுதியது:

வெட்டுக் கத்திக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். டி2 எஃகில் கரிமம் ஒன்றரை விழுக்காடும் குரோமியம் 12 விழுக்காடும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து எஃகுக்குள் பெரிய, மிகக் கடினமான பருக்கைகளை உண்டாக்குகின்றன. தேய்மானத்தைத் தாங்குவதற்கு அவை நல்லவை. ஆனால் அதிர்ச்சி வரும்போது விரிசல் தொடங்கும் இடமும் அந்தப் பருக்கையின் ஓரம்தான். மரத்தின் கணுவில் வாய் பட்டதும் மெல்லிய அலகில் நகக்கீறல் அளவுக்குப் பல் விழும். அதைத் தடுக்க வாயைப் பருமனாக விட்டால் மீண்டும் உங்கள் பழைய கத்தியின் சிக்கலுக்கே வந்து சேருவோம்.

அடியைத் தாங்குவதற்குக் கரிமம் குறைந்த எஃகே நல்லது. லாரி ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பயன்படும் 5160 வகையில் கரிமம் 0.6 விழுக்காட்டை ஒட்டியும் குரோமியம் ஒரு விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருக்கும். நேப்பாளத்துக் குக்ரிக் கொல்லர்களும் நம் ஊர் அருவாள் கொல்லர்களும் பழைய ஸ்பிரிங் பட்டையையே தேடி வாங்குவது மலிவு என்பதால் மட்டும் அன்று. வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த இரும்பு அது. பிகே9இல் இருப்பது 1095 வகையின் சற்று மாறிய வடிவம். 1095இல் கரிமம் 0.95 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். அதனால் கூர் கூடுதலாக நிற்கும், நெகிழ்வு கொஞ்சம் குறையும். இரண்டில் எதை எடுத்தாலும் துருவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஃகின் பெயரைவிடப் பதம், அதாவது காய்ச்சி ஆற்றி அதற்கு ஏற்றும் கடினம், முக்கியம். எங்கள் பட்டறையில் அலகு முழுவதையும் தோய்ச்சல் போடுவதில்லை, அதாவது சூட்டோடு முக்கி ஆற்றுவதில்லை. உலையில் செக்கச் சிவந்த அலகை இடுக்கியால் பிடித்து, வாய்ப்பகுதியை மட்டும் இரண்டு விரல் அளவு எண்ணெயில் இறக்குவார் அப்பா; முதுகு வெளியிலேயே ஆறும். குக்ரி செய்யும் கொல்லர்கள் கெண்டியிலிருந்து தண்ணீரை வாயின் மேல் ஒழுகவிட்டு இதையே செய்கிறார்கள். தோய்ந்த வாய் அப்போது கண்ணாடி போல நொறுங்கும் தன்மையில் இருக்கும். அதைக் கல்லில் தேய்த்து வெளுப்பாக்கி, முதுகுப் பக்கம் மெல்லச் சூடு காட்டினால், வைக்கோல் நிறம் முதுகிலிருந்து வாயை நோக்கி ஊர்ந்து வரும். அதன் பின்னால் செம்பழுப்பு, அதன் பின்னால் கத்தரிப்பூ நிறம். உளிக்கு என்றால் வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திவிடுவோம். வெட்டுக் கருவிக்குக் கத்தரிப்பூ நிறம் வாயைத் தொடும் வரை பொறுத்திருந்து, உடனே தண்ணீரில் அமிழ்த்துவார். அந்த நிறம் கடந்து நீலம் முற்றிவிட்டால் வாய் மழுங்கும். வருவதற்கு முன் அவசரப்பட்டால் வாய் உதிரும். வெப்பமானி இல்லாத பட்டறையில் அந்த நிறம்தான் வெப்பமானி.

கடையில் வாங்கும் கத்தியில், எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவு 55 முதல் 58 வரை என்று போட்டிருந்தால் வெட்டு வேலைக்குப் போதும். 60க்கு மேல் என்பதைப் பெருமையாக எழுதியிருந்தால், அதைச் சமையல் கத்திக்கான பெருமையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பென்சில் பருமனுள்ள பித்தளைக் கம்பியை மேசையில் கிடத்தி, கூர்வாயைச் சாய்த்து அதன் மேல் அழுத்திக்கொண்டே இழுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் வாய் கம்பியின் மேல் மெல்லிய அலை போல நெளிவது தெரியும். கம்பியைக் கடந்ததும் அது நேராகிவிட்டால் பதம் சரி. நெளிந்தபடியே நின்றால் பதம் போதவில்லை. பொடியாக உதிர்ந்தால் பதம் மிஞ்சிவிட்டது. என் கையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு அலகையும் இப்படிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

மருதநிலம் எழுதியது:

எல்லோரும் அலகைப் பற்றியே பேசுகிறீர்கள். என் இடது முழந்தாளின் கீழ் ஏழு தையல் போட வைத்தது பிடிதான் என்பதால் அதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் உட்கார்ந்தவாக்கிலேயே கிளை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தேன். பிடி நேராக, உருண்டையாக, வழவழப்பான வார்னிஷ் பூச்சோடு இருந்தது. வெட்டு மரத்தில் சறுக்கியபோது பிடி உள்ளங்கைக்குள் அரைச் சுற்றுத் திரும்பி, அலகு கிளையைத் தாண்டிக் காலில் இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. கால்சட்டை நனைவதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கத்தியை எடுத்தாலும் முதலில் பிடியைத்தான் பார்க்கிறேன். குறுக்குவெட்டு உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். சுண்டுவிரலுக்குக் கீழே பிடி பருத்து வளைந்து கொக்கி போல முடிய வேண்டும். அப்படி இருந்தால் இறுகப் பற்றாமலே வீச முடியும். வீச்சின் முடிவில் கத்தி கையை விட்டுப் பறக்காமல் அந்தக் கொக்கி தாங்கிக்கொள்ளும். இறுகப் பற்றிய பிடிதான் கையைக் களைக்க வைக்கிறது. பிடியின் நடுவே விரலுக்கு விரல் பள்ளம் வைத்திருக்கும் கத்திகளை நான் தவிர்த்துவிடுவேன். அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவருடைய கைக்கு அளவெடுத்தவை. மேலும், சீவும்போது முன்னால் பிடிப்பதும் வீசும்போது பின்னால் பிடிப்பதும் அவற்றால் தடைபடுகின்றன.

இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் பாருங்கள். பிடியின் முழு அகலத்துக்கும் முழு நீளத்துக்கும் இரும்பு சென்று, இருபுறமும் மைக்கார்ட்டா (துணியைப் பிசினில் அடுக்கி இறுக்கியது) போன்ற பலகைகளை ஆணியடித்துப் பொருத்தியிருந்தால் உறுதி மிகுதி, அதிர்வும் மிகுதி. நம் அருவாளில் இரும்பின் வால் மெலிந்து மரப்பிடிக்குள் இறங்கி, மறுமுனையில் வெளிவந்து மடக்கப்பட்டிருக்கும்; கழுத்தில் பூண் இறுக்கியிருக்கும். மரம் அதிர்வை விழுங்கிக்கொள்வதால் நாள் முழுவதும் வெட்டலாம். பிடி கெட்டால் வேறு மரத்தைப் போட்டுக்கொள்ளலாம். வால் பாதியிலேயே நின்றுவிடும் கத்தியைத்தான் வெட்டு வேலைக்கு எடுக்கக் கூடாது.

பிடிக்கும் அலகுக்கும் உள்ள உறவை அறிய எனக்கு உதவிய சோதனை ஒன்று உண்டு. பிடியின் அடிப்பகுதியை இரண்டு விரல்களால் கவ்வி, கத்தியைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். முதுகுப் பக்கத்தில் ஒரு மரக்கோலால் கழுத்திலிருந்து நுனி வரை தட்டிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலான இடங்களில் விரலுக்குள் ரீங்காரம் போல அதிர்வு வரும். ஓர் இடத்தில் மட்டும் அது அடங்கி, மொத்தென்று ஒலிக்கும். அந்த இடத்தால் வெட்டினால்தான் அடி முழுவதும் மரத்துக்குள் போகும். நான் அங்கே முதுகில் சிறு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு பழகினேன்.

வெட்டும் முறையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மண்டியிட்டு, கிளையை அடிக்கட்டையின் மேல் வைத்து, சறுக்கினாலும் அலகு அடிக்கட்டையில்தான் போய் நிற்கும்படி அமைத்துக்கொண்ட பிறகே ஓங்க வேண்டும். நேர்க்குறுக்காக வெட்டாமல், 45 பாகை சாய்வில் இடமும் வலமும் மாறி மாறி வெட்டி, பள்ளத்தின் வாயைக் கிளையின் பருமன் அளவுக்கு அகலமாகத் திறந்தால் சிராய் தானாகக் கழன்று விழும்.

நெடுவழக்கு எழுதியது:

சட்டம் பற்றி இதுவரை யாரும் சொல்லாததால் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகள், குக்ரி உட்பட, ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. தோட்டத்தில் அருவாள் வைத்திருப்பது வேறு. அதே அருவாளைப் பேருந்தில் உறையின்றி இடுப்பில் செருகிச் செல்வது வேறு. போகும் வழியில் கத்தியை உறையிலிட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில் வையுங்கள். எதற்காக எங்கே கொண்டு செல்கிறீர்கள் என்பதற்குத் தெளிவான விடை உங்களிடம் இருக்கட்டும்.

வனவிலங்குச் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து வழி அனுமதி வேண்டும். காப்புக்காட்டில் மரம் வெட்டுவதும் குற்றம். அடிவாரன் தனியார் தோட்டத்துக்குள் உரிமையாளரின் இசைவோடு செய்வதால் அவருக்கு அந்தச் சிக்கல் இல்லை; ஆனால் தோட்டத்து எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்பதை அவர் நேரில் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

கிள்ளான்வாசி எழுதியது:

துருவைப் பற்றி ஒரு சொல். மழைக்காட்டு ஈரத்தில் கரிம எஃகு ஓர் இரவிலேயே செம்மண் நிறம் காட்டிவிடும். கறுப்புப் பூச்சுள்ள கத்திகள் துருவைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பூச்சு சொரசொரப்பாக இருந்தால் மரத்துக்குள் இறங்கும்போது இழுவை கூடுகிறது, வெட்டு விழும் இடத்தில் சில வாரங்களில் உரிந்தும் போகிறது. நாங்கள் பூச்சில்லாத அலகில் வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைப்போம். எலுமிச்சையும் மாங்காயும் பட்டுப் பட்டு அலகு சாம்பல் நிறமாகக் கறுத்துவிட்டால் அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். அந்தக் கறுப்பு செந்துருவைக் குறைக்கும். தோல் உறைக்குள் கத்தியை நெடுநாள் விட்டுவைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து அலகுக்குக் கொடுக்கும்.

அடிவாரன் எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். முதலில் பழைய கத்தியைச் சாணைக்காரரிடம் கொடுத்து, வாய்க்குப் பின்னாலிருந்த படியைக் கரைத்துக்கொண்டேன். முன்பைவிட நன்றாகவே இறங்குகிறது, வெங்காயமும் நறுங்குகிறது. ஆனால் நீளம் போதவில்லை என்பது இப்போது எனக்கே தெரிகிறது. அட்டையில் பல வடிவங்களை வெட்டி, மரக்கோலில் கட்டி வீசிப் பார்த்த பிறகு, கடைக்கத்தி வேண்டாம் என்று முடிவு செய்து திருப்பாச்சேத்தியில் ஒரு பட்டறைக்குப் போனேன். கொக்கி வளைவுள்ள அருவாள் பிளக்கும் வேலைக்கும் காய் நறுக்கும் பலகைக்கும் ஒத்துவராது என்பதால் முதுகு நேராக, வயிறு மட்டும் முன்னால் பெருத்த வடிவத்தை வரைந்து காட்டினேன். அலகு 22 செ.மீ., அகலமான இடத்தில் நாலரை செ.மீ., கழுத்தில் 5 மி.மீ. தடிமன், நுனியை நோக்கி 3 மி.மீ. வரை மெலிவு. விதிகள் சொல்லும் இரண்டு அளவுகளுக்கும் உள்ளேயே இருக்கிறது. ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை: பிடிக்கு எந்த மரம்?

உலைக்களம் எழுதியது:

அளவுகள் நன்றாக அமைந்திருக்கின்றன. கழுத்திலிருந்து நுனி வரை மெலியும்படி கேட்டது நல்ல முடிவு. இல்லையென்றால் நுனி கனத்து, முளை சீவும்போது மணிக்கட்டைக் கீழே இழுத்திருக்கும்.

பிடிக்கு நாட்டுக் கருவேலம் கேளுங்கள். ஏர்க்கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நம் ஊரில் அதைத்தான் நம்பினார்கள். இழை பின்னிக்கொண்டிருப்பதால் அடிக்குப் பிளக்காது. வெட்டி ஓராண்டாவது நிழலில் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். பச்சை மரத்தில் வாலை இறக்கினால் மரம் காய்ந்து சுருங்கிப் பூண் ஆடத் தொடங்கிவிடும். வாலைப் பழுக்கக் காய்ச்சி, துளைக்குள் சுட்டுச் சுட்டு இறக்கி, மறுமுனையில் மடக்கச் சொல்லுங்கள். வார்னிஷ் வேண்டாம், ஆளி விதை எண்ணெயை மூன்று நான்கு முறை ஊறவிட்டால் போதும். பட்டறையில் பிடி செதுக்கும் நாளன்று நீங்களே நேரில் போய், மருதநிலம் சொன்ன அந்தச் சுண்டுவிரல் கொக்கி உங்கள் கைக்குச் சரியாக அமைகிறதா என்று பார்த்து, அமையும் வரை செதுக்கச் சொல்லி வாங்கி வாருங்கள்.